வார்சிட்டியா, கிளப்பா: அமெரிக்கக் கல்லூரிகளில் பெண்கள் ரக்பியை யார் நடத்துகிறார்கள்?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், புதிதாகப் படிக்க வருகிறவர்களுக்கும் புரியும். நியூ ஜெர்சியில் பள்ளி இறுதியாண்டு படிக்கும் உங்கள் மகள் ரக்பி ஆடுகிறாள். அவளைக் கூப்பிடும் ஒரு சின்னக் கல்லூரியில் வார்சிட்டி அணி, அதாவது கல்லூரியே நடத்தும் அணி, இருக்கிறது. இன்னொரு பெரிய பல்கலைக்கழகத்தில் இருப்பது மாணவர்களே நடத்தும் கிளப் அணிதான், ஆனால் அது தேசிய சாம்பியன் என்கிறார்கள். இந்த ஆட்டத்தைக் கல்லூரி அளவில் யார்தான் ஆளுகிறார்கள், இருபது வருஷத்துக்கு மேலாக "வளர்ந்து வரும் விளையாட்டு" என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார்களே, உண்மையிலேயே வளர்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்குள் இன்னொரு கேள்வியும் ஒளிந்திருக்கிறது என்று நினைக்கிறேன். மகள் நாலு வருஷத்தை ஓர் அணியை நம்பிக் கொடுக்கப் போகிறாள், அந்த அணி நாலு வருஷமும் இருக்குமா, நடுவில் ஏதாவது ஆனால் யாரைப் போய்க் கேட்பது என்பதுதான் உங்கள் கவலை.

நான் வக்கீல் இல்லை, கோச்சும் இல்லை. வாரநாட்களில் கணினி வேலை, சனிக்கிழமைகளில் நியூ இங்கிலாந்துப் பக்கம் கல்லூரி ஆட்டங்களுக்கு விசில் ஊதுகிற ரெஃபரி. வார்சிட்டி, கிளப் ரெண்டுக்கும் பல வருஷமாகப் போய் வருகிறேன். அதனால் மைதானத்திலும் நிர்வாகத்திலும் நடப்பது நன்றாகத் தெரியும். ஸ்காலர்ஷிப் ஒப்பந்தத்தின் சட்ட நுணுக்கத்துக்கு நான் சரியான ஆள் இல்லை. எங்கே விதியைச் சொல்கிறேன், எங்கே என் ஊகத்தைச் சொல்கிறேன் என்று பிரித்தே எழுதுகிறேன்.

முதலில் ஆளுகை. ஒரே தலைமை என்று எதுவும் கிடையாது, அதை எதிர்பார்த்துத் தேடினால் தலை சுற்றும். ஆட்ட விதிகள் உலக அமைப்பான வேர்ல்ட் ரக்பியிடமிருந்து வருகின்றன. அமெரிக்காவுக்குள் தேசிய யூனியன் யூ.எஸ்.ஏ. ரக்பி, 1975-ல் தொடங்கியது. ஒலிம்பிக், உலகக் கோப்பை அணிகள் அதன் பொறுப்பு. கல்லூரி ரக்பியையும் ரொம்ப காலம் அதுதான் நேரடியாக நடத்தியது: பெண்கள் கல்லூரி அணிகளுக்கு 1991-ல் முதல் தேசிய சாம்பியன்ஷிப் வைத்தார்கள், ஏர் ஃபோர்ஸ் அகாடமி ஜெயித்தது. அதே வருஷம் ஏப்ரலில் கார்டிஃபில் நடந்த முதல் பெண்கள் உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் இங்கிலாந்தை 19-6 என்று அமெரிக்கப் பெண்கள் தோற்கடித்தார்கள். எழுபதுகளில் பல்கலைக்கழகப் புல்வெளிகளில் காசும் கோச்சும் இல்லாமல் தாங்களாகவே அணி சேர்த்து ஆடத் தொடங்கிய தலைமுறையின் பலன் அது. இதை இங்கேயே ரக்பி தெரிந்த பலர் மறந்துவிட்டார்கள்.

அப்புறம் 2020 மார்ச். யூ.எஸ்.ஏ. ரக்பி திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. கடன் ஏற்கெனவே கழுத்துவரை இருந்தது, கொரோனா ஆட்டங்களை நிறுத்தியதும் உறுப்பினர் கட்டணமும் நின்றுபோனது. அதிலிருந்து மீண்டு வந்த யூனியன் முன்பைவிடச் சிறியது, கல்லூரிப் போட்டிகளைத் தன் தோளில் சுமக்கிற நிலையில் அது இல்லை. அந்த இடத்துக்கு வந்தவை தனித்தனி அமைப்புகள். சிறு கல்லூரிகளுக்காக 2007-ல் தொடங்கிய ஓர் அமைப்பு பேரை மாற்றி நேஷனல் காலேஜியேட் ரக்பி, அதாவது என்.சி.ஆர்., ஆகி பெரிய பல்கலைக்கழகங்களையும் இழுத்துக்கொண்டது. முன்பு யூ.எஸ்.ஏ. ரக்பியின் மேல்மட்டப் பிரிவுகளில் ஆடிய அணிகளில் ஒரு பகுதி சி.ஆர்.ஏ.ஏ. என்ற இன்னொரு குடைக்குள் போனது. கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் தேசிய அமைப்பான என்.சி.ஏ.ஏ.வின் அங்கீகாரம் உள்ள கல்லூரிகளின் வார்சிட்டி பெண்கள் அணிகளுக்கு நிரா என்று ஏற்கெனவே தனி அமைப்பு இருந்தது. ஒரே தெருவில் மூன்று பிள்ளையார் கோவில் கமிட்டி மாதிரி. பிள்ளையார் ஒருவர்தான், வசூல் நோட்டு மூன்று.

ஆகவே உங்களிடம் யாராவது "நாங்கள் தேசிய சாம்பியன்" என்று சொன்னால், எந்த அமைப்பின், எந்தப் பிரிவின் சாம்பியன் என்று கேளுங்கள். ஒரே வருஷத்தில் இப்படிப் பல தேசிய சாம்பியன்கள் இருந்திருக்கிறார்கள், யாரும் பொய் சொல்லவில்லை. அதில் யார் பலசாலி என்பது வேறு விவாதம். நிராவில் குவினிபியாக் பல்கலைக்கழகம் 2015, 2016, 2017 என்று தொடர்ந்து மூன்று வருஷம் ஜெயித்தது, 2018-ல் டார்ட்மத் ஜெயித்தது. ஆனால் வார்சிட்டி அந்தஸ்தே இல்லாத பென் ஸ்டேட் கிளப் அணி அதற்கு முன்பு எத்தனையோ தேசியப் பட்டங்களை அள்ளியிருக்கிறது, தேசிய அணிக்கும் ஆட்களைக் கொடுத்திருக்கிறது. ஆகவே ஆட்டத்தின் தரத்தை வார்சிட்டி, கிளப் என்ற பெயரை வைத்து மட்டும் எடைபோட முடியாது.

பெயர் காட்டுவது வேறொன்றை: பொறுப்பு யார் தலையில் என்பதை. கிளப் அணி என்பது மாணவர் சங்கம். தலைவர், பொருளாளர், ஆட்டங்களை ஏற்பாடு செய்யும் செயலாளர் எல்லாரும் பத்தொன்பது இருபது வயதுப் பெண்கள், வருஷத்துக்கு ஒரு தடவை தேர்தல். நான் கிளப் ஆட்டத்துக்குப் போனால் முதலில் சந்திப்பது அந்தத் தலைவியைத்தான். ஒரு கையில் டேப், இன்னொரு கையில் போன், அதில் ஆட்டக்காரர்களின் பதிவு எண்கள். யாருடைய பதிவு புதுப்பிக்கப்படவில்லையோ அவளுக்குக் காப்பீடு இல்லை, ஆட விட முடியாது. அந்தப் பெண் ஓரமாக நின்று அப்பாவிடம் கிரெடிட் கார்டு எண் கேட்டுக்கொண்டிருப்பாள். நான் பூட்ஸ் அடியில் கூர்மையான ஆணி இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் கட்டணம் கட்டி முடித்துவிடுவாள். கோல் கம்பத்துக்குப் பஞ்சு உறை கட்டுவது, கால்பந்துக் கோடுகளின் மேல் வேறு நிறத்தில் கோடு போடுவது, வேன் வாடகை, ரெஃபரி கட்டணம், காயத்துக்கு ஆள் ஏற்பாடு எல்லாம் அவர்கள் வேலை. போன வருஷத் தலைவி கெட்டிக்காரியாக இருந்தால் அணி செழிக்கும், அடுத்தவள் படிப்பில் மூழ்கிவிட்டால் இரண்டு ஆட்டம் ரத்தாகும். பதினைந்து பேர் தேறாமல் பத்துப் பத்துப் பேராக ஆடிய ஆட்டத்துக்கும் விசில் ஊதியிருக்கிறேன்.

வார்சிட்டி என்றால் பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறையே நடத்துகிறது. சம்பளம் வாங்கும் கோச், மைதான ஓரத்தில் தகுதிபெற்ற காய சிகிச்சையாளர், ஆட்டத்தைப் பதிவு செய்ய கேமரா, பயணத்துக்குப் பேருந்து. தலையில் அடிபட்டு ஒரு பெண் வெளியே போனால், அவள் மறுபடி உள்ளே வரலாமா என்பதை முடிவு செய்ய கோச்சுக்கும் அதிகாரமில்லை, அவளுக்கும் இல்லை. அதை மருத்துவத் தரப்புதான் முடிவு செய்யும். கிளப்பிலும் விதி அதேதான். ஆனால் அங்கே "நான் நன்றாகத்தான் இருக்கிறேன்" என்று அடம்பிடிக்கும் பெண்ணை நிறுத்த வேண்டிய இடத்தில் சில சமயம் நான் மட்டும்தான் நிற்பேன். பெற்றோராக நீங்கள் கவனிக்க வேண்டிய முதல் வித்தியாசம் இது. பெண்கள் ஐஸ் ஹாக்கியில் உடம்பால் மோதித் தள்ளத் தடை உண்டு, பெண்கள் லக்ராஸுக்கு விதிகளே வேறு. ரக்பியில் அந்தச் சலுகை எதுவும் இல்லை: அதே பதினைந்து பேர், அதே எண்பது நிமிடம், ஆண்கள் ஆட்டத்தில் உள்ள அதே டாக்கிள், அதாவது பந்தோடு ஓடுபவரைப் பிடித்துக் கீழே வீழ்த்துவது. அதனால்தான் பலருக்கு இந்த ஆட்டம் பிடிக்கிறது, மருத்துவ ஏற்பாடு முக்கியமாவதும் அதனால்தான்.

இப்போது என்.சி.ஏ.ஏ. கதை. 1972-ல் வந்த டைட்டில் நைன் சட்டம் வெறும் 37 ஆங்கிலச் சொற்கள், அதில் விளையாட்டு என்ற பேச்சே இல்லை. மத்திய அரசின் நிதி வாங்கும் கல்வி நிறுவனம் பால் அடிப்படையில் யாரையும் ஒதுக்கக் கூடாது என்பதுதான் அது. 1979-ல் அரசு கொடுத்த விளக்கத்தில் விளையாட்டுக்கு மூன்று அளவுகோல்கள் வந்தன. மூன்றில் ஒன்றைக் காட்டினால் போதும். கல்லூரி நிர்வாகங்கள் பெரும்பாலும் பார்ப்பது முதலாவதை: மாணவர்களில் பெண்கள் எவ்வளவு விகிதமோ, விளையாட்டு இடங்களிலும் ஏறக்குறைய அவ்வளவு விகிதம் இருக்க வேண்டும். அமெரிக்க ஃபுட்பால் அணி ஒன்றே நூறு ஆண்களுக்கு மேல் எடுத்துக்கொள்ளும், பெண்கள் பக்கம் அதற்கு ஈடாக ஒன்றும் கிடையாது. அந்தக் கணக்கைச் சரிக்கட்டவே என்.சி.ஏ.ஏ. 1994-ல் பெண்களுக்கான வளர்ந்து வரும் விளையாட்டுகள் என்று ஒரு திட்டம் கொண்டு வந்தது, 2002-ல் ரக்பி அதில் சேர்ந்தது. நாற்பது கல்லூரிகள் வார்சிட்டியாக நடத்தினால் என்.சி.ஏ.ஏ. தானே சாம்பியன்ஷிப் நடத்துவதற்கான தகுதி வரும். அந்த நாற்பதை ரக்பி இன்னும் தொடவில்லை.

விளையாட்டுத் துறை இயக்குநரின் நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள், ரக்பி ஏன் ஆசைகாட்டுகிறது என்று புரியும். ஓர் ஆட்டத்துக்கே இருபத்து மூன்று பேர் வேண்டும், அணியில் முப்பது நாற்பது பேரை வைத்துக்கொள்ளலாம். படகு வேண்டாம், குதிரை வேண்டாம், பனித்தளம் வேண்டாம். ஒரே அறிவிப்பில் முப்பது பெண்கள் கணக்கில் ஏறுவார்கள். குவினிபியாக் கதையைப் பாருங்கள். பெண்கள் வாலிபால் அணியை எடுத்துவிட்டு சியர்லீடிங்கை வார்சிட்டி ஆக்கப் போனார்கள். வழக்கு வந்தது. போட்டி சியர்லீடிங்கை இந்தச் சட்டக் கணக்கில் விளையாட்டாக ஏற்க முடியாது என்று 2010 ஜூலையில் கூட்டாட்சி நீதிபதி தீர்ப்புச் சொன்னார். அடுத்த வருஷமே, 2011-ல், அங்கே பெண்கள் ரக்பி வார்சிட்டியாக ஆடத் தொடங்கியது. ரெண்டுக்கும் நேரடித் தொடர்பு உண்டா என்பதை நிர்வாகம்தான் சொல்ல வேண்டும், எனக்கு அந்தத் தேதிகளே போதும். அந்த அணியில் ஆடியவர்தான் இலோனா மஹேர். வெர்மான்டில் வளர்ந்து, முதலில் நார்விச் பல்கலைக்கழகம், பிறகு குவினிபியாக், அங்கிருந்து ஒலிம்பிக். 2024 பாரிஸில் வெண்கலத்துக்கான செவன்ஸ் (ஏழு பேர் ரக்பி) ஆட்டத்தில் கடைசி நொடியில் அலெக்ஸ் செட்ரிக் ஆடுகளத்தின் மறுகோடி வரை ஓடி ட்ரை போட்டு (எதிரணியின் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைத்து), அதற்குப் பின் கம்பங்களுக்கு நடுவே உதைக்கும் கன்வர்ஷனையும் தானே உதைத்து, ஆஸ்திரேலியாவை 14-12 என்று வீழ்த்தினாரே, மஹேர் ஆடிய அணி அது.

வார்சிட்டி வரிசையில் பெரிய பெயர்கள் சேர்ந்ததும் உண்மை. பௌடின் போன்ற சிறு கல்லூரிகள்தான் முதலில் வந்தன. பழம்பெரும் எட்டுப் பல்கலைக்கழகங்களின் கூட்டமான ஐவி லீகில் ஹார்வர்டு 2013-லும், பிரௌன் அதற்கு அடுத்த வருஷமும், டார்ட்மத் 2015-லும், பிரின்ஸ்டன் 2022-லும் வார்சிட்டியாக ஆடத் தொடங்கின. ஆனால் எதிர்த்திசையிலும் நடக்கிறது. என்.சி.ஏ.ஏ. கல்லூரிகளைப் பிரிக்கும் மூன்று டிவிஷன்களில் முதலாவதில் முன்னோடியாக வார்சிட்டி அணி நடத்திய ஈஸ்டர்ன் இல்லினாய் பல்கலைக்கழகம் பிற்பாடு அதை நிறுத்தியேவிட்டது. என் கருத்தை இங்கே வெளிப்படையாகச் சொல்கிறேன்: இந்த ஆட்டம் கல்லூரிகளில் வளர்ந்ததில் ரக்பி மேல் உள்ள காதலைவிட விகிதக் கணக்குக்குப் பங்கு அதிகம். பட்ஜெட்டில் ஒரு வரியாக வந்தது, பட்ஜெட்டில் ஒரு வரியாகவே போகவும் முடியும். மாணவர் நடத்தும் கிளப்புக்கு அந்த ஆபத்து குறைவு. ஆள் குறைந்தால் அது தானாக நின்றுபோகும், ஆனால் ஆட்கள் இருக்கும்வரை அது சாகாது.

ரக்பி ஏன் இவ்வளவு காலம் அதே படியில் நிற்கிறது? மல்யுத்தத்தோடு ஒப்பிட்டால் விளங்கும். பெண்கள் மல்யுத்தம் 2020-ல்தான் வளர்ந்து வரும் விளையாட்டுப் பட்டியலில் ஏறியது, 2025 ஜனவரியில் அதற்கு முழு சாம்பியன்ஷிப் அந்தஸ்து கொடுத்துவிட்டார்கள். அவர்களுக்குப் பள்ளிகள் கைகொடுத்தன. பெரும்பாலான மாநிலங்களில் பெண்களுக்குப் பள்ளி அளவிலேயே மாநில சாம்பியன்ஷிப் இருக்கிறது, கல்லூரிகளில் ஆண்கள் அணிக்கென்று கோச்சும் பயிற்சிக் கூடமும் தயாராக இருந்தன. ரக்பிக்கு அந்த அடித்தளம் இல்லை. கல்லூரி அணிகளில் நான் பார்க்கும் பெண்களில் ஏராளமானோர் முதலாண்டில்தான் பந்தைத் தொடுகிறார்கள், அதுவரை கால்பந்து, கூடைப்பந்து, தடகளம், மல்யுத்தம் என்று எங்கெங்கோ இருந்தவர்கள். மஹேரும் தாமதமாக வந்தவர்தான், ரக்பிக்கு முன்னால் ஃபீல்டு ஹாக்கி, கூடைப்பந்து, சாஃப்ட்பால் எல்லாம் ஆடியவர். கிளப்புகள் நன்றாக நடப்பதும் ஒரு தடை என்று நினைக்கிறேன். மாணவிகளே காசு போட்டு நடத்தும்போது, சம்பளத்துக்குக் கோச் வைக்க இயக்குநருக்கு என்ன அவசரம்? இது என் ஊகம், விதிப்புத்தகத்தில் இருக்காது.

கனடாவில் பல்கலைக்கழக விளையாட்டு அமைப்பு 1998-லிருந்தே பெண்கள் ரக்பிக்கு முழு தேசிய சாம்பியன்ஷிப் நடத்துகிறது. 2025 உலகக் கோப்பையில் கனடா இறுதியாட்டம் வரை போய் ட்விக்கன்ஹாமில் 81,885 பேர் முன்னால் இங்கிலாந்திடம் 33-13 என்று தோற்றது. அமெரிக்கா ஆஸ்திரேலியாவுடன் 31-31 என்று சமன் செய்தும் காலிறுதிக்குப் போகாமல் முதல் சுற்றோடு வீட்டுக்குத் திரும்பியது. ஒன்றுக்கு இன்னொன்றுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன், கனடாவுக்கு வேறு பலங்களும் உண்டு. ஆனால் கால் நூற்றாண்டாக ஒரே போட்டி, ஒரே சாம்பியன், ஒரே அட்டவணை என்று நடந்ததில் பயனே இல்லை என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

வரும் வருஷங்களைப் பற்றி. பணம் வருகிறது, அது உறுதி: பாரிஸ் வெண்கலத்துக்கு அடுத்து மிஷெல் காங் என்ற தொழிலதிபர் பெண்கள் செவன்ஸ் அணிக்கு 40 லட்சம் டாலர் அறிவித்தார், 2033 பெண்கள் உலகக் கோப்பையை நடத்தப் போவது அமெரிக்கா. ஆனால் அந்தப் பணம் தேசிய அணிக்கு, உங்கள் மகளின் கல்லூரிப் பேருந்துக்கு இல்லை. இன்னொரு பக்கம் 2025 ஜூனில் ஒரு நீதிமன்ற ஒப்பந்தம் நிறைவேறியது, அதன்படி பெரிய பல்கலைக்கழகங்கள் வருஷத்துக்கு ஏறக்குறைய 2 கோடி டாலர் வரை ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகக் கொடுக்கலாம். அதில் பெரும்பங்கு ஃபுட்பாலுக்கும் ஆண்கள் கூடைப்பந்துக்கும் போகும், சின்ன விளையாட்டுகளின் கோச்கள் எல்லாருக்கும் வயிற்றில் புளி கரைகிறது. மோதித் தள்ளாமல் இடுப்புக் கொடியைப் பறித்து ஆடும் ஃபிளாக் ஃபுட்பால் வேறு 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் வருகிறது, பின்னால் தொழில்முறை ஃபுட்பால் லீகான என்.எஃப்.எல். பணம் நிற்கிறது. வேகமாக ஓடும் பெண்கள் வேண்டும் என்று அதே பள்ளிக் கதவுகளைத்தான் அவர்களும் தட்டுவார்கள். இதெல்லாம் சேர்ந்து ரக்பியை எந்தப் பக்கம் தள்ளும்? சின்னத் தனியார் கல்லூரிகளில் இன்னும் சில அணிகள் வரும், பெரிய ஃபுட்பால் பல்கலைக்கழகங்கள் கிளப்போடு நிறுத்திக்கொள்ளும் என்பது என் கணிப்பு. பந்தயம் கட்டும் அளவுக்கு உறுதி இல்லை.

சரி, உங்கள் மகள் விஷயம். வார்சிட்டி என்றாலே ஸ்காலர்ஷிப் என்று நினைத்துவிடாதீர்கள். ஐவி லீகிலும் மூன்றாம் டிவிஷனிலும் விளையாட்டுக்கென்று உதவித்தொகையே கிடையாது. முதல் டிவிஷனில் நீண்டகாலம் இருந்த விதிப்படி ஓர் அணிக்கு 12 முழு உதவித்தொகைக்குச் சமமான தொகைதான், அதை முப்பது பேருக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். பலருக்குப் புத்தகச் செலவு தேறினால் பெரிது. அதனால் தொகையை எழுத்தில் வாங்குங்கள், அது ஒரு வருஷத்துக்கா நாலு வருஷத்துக்கா என்று கேளுங்கள். முதல், இரண்டாம் டிவிஷன் என்றால் என்.சி.ஏ.ஏ. தகுதி மையத்தில் அவள் பதிவு செய்தாக வேண்டும், அதைக் கடைசி நேரத்துக்கு விடாதீர்கள். அணி எத்தனை வருஷமாக வார்சிட்டி, இப்போதைய கோச் எத்தனை வருஷமாக இருக்கிறார், போன வருஷம் ஆள் பற்றாமல் எத்தனை ஆட்டம் ரத்தானது, அணியை நிறுத்தினால் ஏற்கெனவே கொடுத்த உதவித்தொகையைப் படிப்பு முடியும்வரை தொடர்வார்களா என்றும் கேளுங்கள். கிளப் பக்கம் போனால், எந்த அமைப்பில் பதிவு, காப்பீட்டில் எது அடங்கும், ஆட்டத்தன்று சிகிச்சையாளருக்குப் பல்கலைக்கழகம் காசு கொடுக்கிறதா இல்லை மாணவிகளே வசூலித்துக் கொடுக்கிறார்களா, வருஷச் சந்தா எவ்வளவு என்று கேட்டால் போதும்.

என்னைக் கேட்டால், சின்னக் கல்லூரியில் அவள் விரும்பும் பாடம் இருந்தால் அங்கே வார்சிட்டிக்குப் போகலாம். இல்லையென்றால் பெரிய பல்கலைக்கழகக் கிளப்பில் சேருவதால் குறைந்துபோக ஒன்றும் இல்லை. ரக்பி அணிக்காக மட்டும் பிடிக்காத படிப்பைத் தேர்ந்தெடுக்கச் சொல்ல மாட்டேன். நவம்பருக்குள் ரெண்டு இடத்துக்கும் ஒரு சனிக்கிழமை போய் ஆட்டம் பாருங்கள், பதினைந்து பேர் ஆட்டம் பெரும்பாலும் இலையுதிர் காலத்தில்தான், வசந்தத்தில் போனால் பெரும்பாலும் செவன்ஸ்தான் பார்க்கக் கிடைக்கும். கோச்சுக்கு மின்னஞ்சலை அவளே எழுதட்டும், நீங்கள் எழுதாதீர்கள். உயரம், எடை, ஆடும் இடம், பள்ளி மதிப்பெண், ரெண்டு நிமிஷத்து ஆட்ட வீடியோ ஒன்று, அதில் பந்து கையில் இல்லாதபோது அவள் என்ன செய்கிறாள் என்பதும் தெரிய வேண்டும்.